இறுதியாண்டு புகைப்படப் பரிசு: நடுவர்கள் எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"என் மகள் நுண்கலை இளங்கலை இறுதியாண்டு முடிக்கிறாள். பட்டம் வாங்கிப் போகிறவர்களுக்கென்று அவள் கல்லூரியில் ஒரு புகைப்படப் பரிசு உண்டு. தன் பாட்டி வீட்டை ஒரு வருஷமாக எடுத்த படங்களை வைத்தாள். பரிசு ஒரு ஜல்லிக்கட்டுப் படத்துக்குப் போய்விட்டது. கொம்பு, தெறிக்கிற மண், வீரரின் முகம் எல்லாம் அவ்வளவு துல்லியம். நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரே ஒரு படம். ஒரு வருஷ வேலையையும் ஒரு நொடி வேலையையும் எப்படிச் சேர்த்து வைத்து மார்க் போடுகிறார்கள்? கடைசியில் இது நடுவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதில்தானே போய் நிற்கிறது?"

மார்ச் 3

பிடிப்பதும் பிடிக்காததும் இருக்கத்தான் செய்யும். அதை முழுக்கத் துடைத்துவிட்டு வந்து உட்காருகிற நடுவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை.

நான் பத்திரிகையில் படம் எடுத்துக்கொண்டிருந்தவன், இப்போது சொல்லிக்கொடுக்கிறேன். சில கல்லூரிகளில் இந்த மாதிரிப் பரிசுகளுக்கு நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். கல்லூரிப் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

நல்ல படத்துக்குப் பரிசு கொடுக்க ஊரெல்லாம் போட்டிகள் இருக்கின்றன. படிப்பை முடித்துவிட்டுப் போகிறவருக்குக் கொடுப்பது வேறு வகை. நாளையிலிருந்து அவருக்கு அசைன்மென்ட் கொடுக்க ஆள் இல்லை, கெடு வைக்க ஆள் இல்லை. எதை எடுப்பது, எடுத்ததில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்பதெல்லாம் இனி அவர் பாடு. அது அவருக்குக் கைவந்திருக்கிறதா என்பதைத்தான் நடுவர் பார்க்க வேண்டும். ஒற்றைப் படத்தில் அது தெரியாது. எவற்றை விட்டுவிட்டு அதை எடுத்து வைத்தார் என்பதை அந்தப் படம் சொல்லாது. இந்தப் பரிசுக்கு ஒற்றைப் படத்தை வாங்குவதே தப்பு என்பது என் கட்சி.

மார்ச் 3, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. ஒரு வருஷம் உழைத்தாள் என்பதை மட்டும் வைத்து உங்கள் மகளுக்குப் பரிசு கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருஷம் எடுத்தும் உப்புச்சப்பில்லாமல் இருக்கிற தொகுப்புகள் நிறைய வரும். உழைப்பை மதிக்கலாம், அதற்காக மார்க் போட முடியாது. அவள் எத்தனை படம் எடுத்தாள், எத்தனையை வைத்தாள், ஏன் என்று நடுவர்கள் கேட்டார்களா? கேட்காமல் விட்டிருந்தால்தான் எனக்கு வருத்தம்.

மார்ச் 5

"விட்டதைப் பார்ப்பது என்றால் என்ன, சொல்லுங்கள்" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு பெண் துணிக்கடை அட்டைப்பெட்டி ஒன்றில் பதினான்கு பிரிண்ட் கொண்டுவந்தாள். எட்டுக்குப் பன்னிரண்டு, சன்போர்டு என்கிற கெட்டி அட்டையில்கூட ஒட்டவில்லை. மேஜையில் வரிசையாக அடுக்கினாள். ஒரு கல்யாண மண்டபம், ரிசப்ஷன் முடிந்த மறுநாள் காலை. சாட்டின் உறை கழற்றாத நாற்காலிகள், இன்னும் அணைக்காத ரோஸ் கலர் எல்இடி, மொய் எழுதின மேஜையில் ஒட்டிக்கிடக்கிற சந்தனம், சாம்பார் வாளிகள், மூலையில் குவிந்த தாம்பூலப் பைகள். ஏழாவது படம் மட்டும் சப்பென்று இருந்தது. ஸ்டோர் ரூம் சுவர், ஓர் ஆணி, அதில் தொங்குகிற ஒரு வாயில் புடவை. ஜன்னல் வெளிச்சம். வேறொன்றும் இல்லை.

என் பக்கத்தில் இருந்த நடுவர் அதை உருவி எடுத்து, "இது இல்லாமலே பதிமூன்று போதும், இன்னும் கச்சிதமாக இருக்கும்" என்றார். எடுத்துவிட்டுப் பார்த்தோம். கச்சிதமாகத்தான் இருந்தது, அழகான ஒரு மண்டபத்தின் படங்களாக. திரும்ப அதே இடத்தில் வைத்தபோது முதல் ஆறு படங்களை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் ஓரத்தில் ஒரு பெண் குனிந்திருக்கிறார், அதே புடவையில். முதல் பார்வையில் நாங்கள் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. ஏழாவதுக்கு அப்புறம் வருகிற படங்களில் அவர் பழைய நைட்டியில், மேலே ஒரு துண்டோடு பெருக்கிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஏழாவது எதற்கு என்று கேட்டோம். "அது இல்லாட்டி அம்மா வேலைக்கு வந்தவங்களா தெரிய மாட்டாங்க சார். விருந்துக்கு வந்தவங்க மாதிரி தெரிவாங்க" என்றாள்.

எடுத்த எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக அடுக்கிய கான்டாக்ட் ஷீட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தோம். அதில் ஒரு படம் கண்ணைப் பறித்தது. மேடையில் தெர்மோகோலில் வெட்டிய மணப்பெண் பெயர், பாதி பிய்ந்து தொங்குகிறது. அதை இழுக்கிற கை, விரலெல்லாம் ஜிகினாத் தூள், மேலே ரோஸ் வெளிச்சம். பதினான்கில் அது இல்லை. இதை ஏன் விட்டாய் என்றதற்கு, "அது மட்டும் அம்மா எனக்காக நின்னு குடுத்தாங்க சார். மத்தது எதுலயும் அவங்க என்னைக் கவனிக்கல" என்றாள்.

இருபத்தொன்று இருபத்திரண்டு வயதில், தன் கையில் இருக்கிற ஆகச் சிறந்த படத்தை இந்தக் காரணத்துக்காக எடுத்து வைத்துவிட எத்தனை பேரால் முடியும்? நான் அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன். ஒற்றைப் படப் போட்டியாக இருந்திருந்தால் அவள் அந்தத் தெர்மோகோல் படத்தைத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

மார்ச் 6

அவளுக்குப் பரிசு கிடைத்ததா என்று எல்லாரும் கேட்கிறீர்கள். கிடைக்கவில்லை. பத்துக்கு இத்தனை என்று போட்டுக் கூட்டுகிற முறை அங்கே. அவளுக்கு நாங்கள் இரண்டு பேர் 9 போட்டோம், மூன்றாமவர் 4. மொத்தம் 22. இன்னொரு தொகுப்புக்கு 8, 7, 8. மொத்தம் 23. அதற்குப் போய்விட்டது. மூன்றாமவர் 9 போட்டதுகூட வேறொன்றுக்கு. அதாவது மூன்று பேரில் ஒருவருக்கும் முதலிடமாகப் படாத ஒன்று முதல் பரிசு வாங்கிக்கொண்டு போனது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கூட்டல் அப்படி.

மார்க்கைக் கூட்டினால் யாரையும் தொந்தரவு பண்ணாத வேலைதான் மேலே வரும். ஒருவர் தூக்கிவைத்துக் கொண்டாடி இன்னொருவர் முகத்தைச் சுளிக்கிற வேலை கீழே போய்விடும். மாணவர் வேலையில் கவனிக்க வேண்டியது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகையில்தான் இருக்கும். அவர்களுக்கு இன்னும் எல்லாரையும் திருப்திப்படுத்தத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

அதற்கப்புறம் என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் முதலிலேயே இதைப் பேசிவிடுகிறேன். முதல் சுற்றில் மார்க் வேண்டாம், உள்ளே வெளியே மட்டும் போதும். ஒவ்வொரு நடுவருக்கும் ஒரு பிடிவாத ஓட்டு. மற்ற இருவரும் வெளியே என்றாலும் அவர் கைவைத்த ஒன்று கடைசிச் சுற்றுக்குப் போகும். கடைசிச் சுற்றில் பேச்சுதான். முடிந்தால் ஓர் இரவு விட்டு மறுநாள் திரும்ப வந்து பார்ப்பது. முதல் நாள் பளிச்சென்று இருந்தது மறுநாள் வெளுத்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 6, சற்று நேரம் கழித்து

மார்க் கூட்டுவதைக் குறை சொன்னதில் கேமரா கிளப் நண்பர் ஒருவருக்கு வருத்தம். சலோன் என்று அவர்கள் நடத்துகிற படப் போட்டிகளில் ஒவ்வொரு படமும் சில நொடி திரையில் வரும், நடுவர் பொத்தானை அழுத்துவார், கூட்டி வெட்டுப்புள்ளி போடுவார்கள். ஆயிரக்கணக்கில் படம் வருகிற இடத்தில் வேறு வழி இல்லை, அந்த வேலைக்கு அது சரி. ஒரு வகுப்பிலிருந்து இருபது பேர் வைக்கிற இடத்தில் அந்த அவசரம் எதற்கு?

மார்ச் 8

ஜல்லிக்கட்டு பற்றி. அதை எடுப்பது லேசு என்று யாரும் நினைக்க வேண்டாம். வாடிவாசல் பக்கத்தில் நின்றால்தான் அந்த நெருக்கடி தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரிக்கு நடுவராகப் போனாலும் மூன்று வரும்: ஜல்லிக்கட்டு, குலசை தசரா, கூவாகம். குலசேகரன்பட்டினத்தில் வேஷம் கட்டின பக்தர்களைவிடக் கேமராக்காரர்கள்தான் அதிகம் என்று அங்கே கடை போட்டிருந்த ஒருவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். காளி வேஷம், நாக்கு, நெருப்பு, பின்னால் கடல். எங்கே திருப்பினாலும் படம் விழும். அங்கே மாணவர் தானாகச் சேர்த்தது என்ன என்பதுதான் என் கேள்வி. விரதம் இருந்து, வேஷம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு வந்து முத்தாரம்மனுக்குச் செலுத்துகிற ஒரு குடும்பத்தோடு அந்த நாட்களைக் கழித்து எடுத்து வந்தால் நான் உட்கார்ந்து பார்ப்பேன். கடைசி நாள் பஸ் பிடித்துப் போய் எடுத்த முகங்களில் எனக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கூவாகம் வேறு சங்கதி. கூத்தாண்டவர் கோயிலில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள், மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவைக்கு மாறுகிற நேரத்தில் சுற்றி லென்ஸாக நிற்கும். அழுகிற முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் வைடு லென்ஸ். அந்தப் படங்கள் பார்க்க வலுவாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. எனக்கு ஒரே கேள்விதான்: இவர் பெயர் என்ன? மாணவருக்குத் தெரியாவிட்டால், இந்தப் படம் எடுக்கப்பட்டதே அந்த அம்மாவுக்குத் தெரியாவிட்டால், என் ஓட்டு இல்லை. பத்திரிகைக்கு வேறு நியாயம் இருக்கலாம், அங்கே நானும் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். படிப்பை முடிக்கிறவருக்குப் பரிசு கொடுக்கும்போது, இப்படியே போ என்று சொல்லி அனுப்புகிறோம். அதனால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மார்ச் 9

"தொகுப்பு, வரிசை என்பதெல்லாம் வெளிநாட்டு பேஷன். படம் என்றால் ஒன்று, அது பேச வேண்டும்" என்று ஒருவர்.

தஞ்சாவூருக்குப் போவோம். லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1856 முதல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858இல் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடுகிற தமிழ்க் கல்வெட்டை எடுக்க வந்தார். ஒரே படத்தில் அடங்குகிற சமாசாரமா அது? பிலிம் வராத காலம், மெழுகு தோய்த்த தாளில்தான் நெகட்டிவ். கேமராவை நகர்த்தி நகர்த்தி வைத்து எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாகச் சேர்த்தார். ஒன்றைத் தனியாக எடுத்துப் பார்த்தால் வெறும் கல். சேர்த்து வைத்தால்தான் கல்வெட்டு. நம் மண்ணில் புகைப்படம் வந்த முதல் தலைமுறையிலேயே அடுக்கிப் பார்க்கிற வேலையும் வந்துவிட்டது.

கலைக்கல்லூரியும் புகைப்படமும் ஒட்டிக்கொண்டதும் இங்கே புதிதல்ல. சென்னை ஓவியக் கல்லூரியை 1850இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர்தான் அதே பத்தாண்டில் சென்னைப் புகைப்படச் சங்கம் எழுவதற்கும் முன்னின்றவர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கல்லூரி மாணவியாக இருந்தபோது தபலாக் கலைஞர் ஜாகிர் உசேனைப் பின்தொடர்ந்து எடுக்க ஆரம்பித்தார். அது 1986இல் புத்தகமாயிற்று. 2022இல் அவருக்கு ஹாசல்பிளாட் என்ற சர்வதேசப் புகைப்பட விருது கிடைத்தது. இன்றைக்கும் அவர் வேலையின் மையம் புத்தகம்தான், வரிசைதான். மாணவப் பருவத்து வேலையிலேயே அந்த விதை இருக்கிறது. நடுவராக உட்காருகிறவர் தேட வேண்டியது அதைத்தான்.

மார்ச் 12

"ஏஐ படம் வைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" இது நிறையப் பேர் கேட்டது.

கண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023 சோனி உலகப் புகைப்பட விருதில் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மன் கலைஞர் ஏஐயில் உருவாக்கிய படத்தை வைத்து ஒரு பிரிவில் ஜெயித்தார். பிறகு தானே பரிசை மறுத்தார், போட்டிகள் இதற்குத் தயாராக இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் வைத்தேன் என்றார். மறு வருஷம் தலைகீழாக நடந்தது. மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் ஒரு பூநாரையின் நிஜப் படத்தை, தலை உடம்புக்குள் மறைந்து தெரிகிற படத்தை, இன்னொரு போட்டியின் ஏஐ பிரிவில் வைத்தார். மூன்றாம் இடமும் பொதுமக்கள் ஓட்டில் ஒரு பரிசும் கிடைத்தன. உண்மையைச் சொன்னதும் தகுதி நீக்கினார்கள். இரண்டு பக்கமும் கண் ஏமாந்திருக்கிறது.

ஏஐக்கு முன்னாலும் இந்தப் பாடு இருந்தது. 2015 வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற செய்திப் படப் போட்டியில், இறுதிக்கு முந்தைய சுற்று வரை வந்தவற்றில் 20 சதவீதத்தை மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்து வெளியேற்றினார்கள். பத்திரிகைப் படம் என்று வைத்துவிட்டு உள்ளே சேர்த்திருந்தார்கள், நீக்கியிருந்தார்கள்.

அதனால் ரா ஃபைல், அதாவது கேமரா பதிவு செய்த மூலக் கோப்பு, வேண்டும். அதைவிட எனக்கு உதவுவது கான்டாக்ட் ஷீட். ஒரு படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்ததைப் பார்த்தால் அந்த ஆள் அந்த இடத்தில் எப்படி நின்றார், எங்கே நகர்ந்தார், எப்போது அலுத்தார் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

மார்ச் 12, இரவு

துபாயில் நடக்கிற ஹிபா புகைப்படப் போட்டியின் 2019 பரிசையும் சொல்லியிருக்க வேண்டும். ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர். வியட்நாமில் குழந்தையோடு ஒரு தாய். கொஞ்ச நாளில் அதே இடத்தில் எடுத்த இன்னொரு படம் பரவியது. அந்தத் தாயைச் சுற்றி ஒரு கூட்டமே கேமராவோடு நிற்கிறது. அதில் ஏஐயும் இல்லை, போட்டோஷாப் திருட்டும் இல்லை. ரா ஃபைல் கேட்டிருந்தாலும் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். அதனால் "இதை எப்படி எடுத்தாய், கூட யார் இருந்தார்கள்" என்று நேரில் கேட்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 13

ரா ஃபைல் பற்றி நேற்று எழுதியதைக் கலைக்கல்லூரிக்கு அப்படியே பொருத்த முடியாது. இரவெல்லாம் இது ஓடிக்கொண்டிருந்தது. செய்திப் படத்தின் சட்டத்தை ஓவிய மாணவர்மேல் போடக் கூடாது. அவர் ஜோடிக்கலாம், வேஷம் போட வைக்கலாம், வெட்டி ஒட்டலாம், பிரிண்ட் மேல் சாயம் தடவலாம். பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த தென்னிந்தியப் பெண்கள் தொடர் முழுக்க ஜோடனைதான். காலண்டர் படம், போலீஸ் அடையாளப் படம், சினிமாக் காட்சி என்று ஏற்கெனவே இருக்கிற படங்களுக்குள் தானே போய் நின்றார். ஜோடனை என்பதை அந்தப் படமே வெளிப்படையாகச் சொல்கிறது. ஹிபா படத்தில் தாயின் கஷ்டம் தானாக நடந்ததுபோல நம் முன்னால் வைத்தார்கள். எனக்கு வித்தியாசம் அங்கே இருக்கிறது. மாணவர் என்ன செய்தாலும், இப்படிச் செய்தேன் என்று சொல்லிவிட்டால் போதும்.

ஏஐக்கும் இதேதான். புகைப்படப் பரிசு என்று போட்டுவிட்டால் ஒளி வந்து விழுந்த ஒன்று அதில் இருக்க வேண்டும் என்பது என் நிலை. இங்கே மற்ற நடுவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம்.

மார்ச் 17

ஆசிரியர் முத்திரை. ஒரு வகுப்பில் பாதிப் பேர் ஒரே மாதிரி எடுத்திருப்பார்கள். நேராக முன்னால் நின்று, மங்கலான வானம், நடுவில் ஒரு பொருள். ஆசிரியரின் வேலையைத் தேடிப் பார்த்தால் அதுவும் அப்படியே இருக்கும். இவற்றை ஒதுக்கிவிட வேண்டும் என்று பக்கத்து நடுவர் ஒருவர் எப்போதும் சொல்வார். நானும் நெடுநாள் அவரோடுதான் இருந்தேன்.

இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. ஜெர்மனியில் டுசெல்டார்ஃப் கலைக்கல்லூரியில் பெர்ன்ட் பெஷர் 1976இல் சொல்லிக்கொடுக்க வந்தார். அவரும் மனைவி ஹில்லாவும் தண்ணீர்த் தொட்டிகள், ஊது உலைகள், சுரங்கக் கோபுரங்களை மேகமூட்டமான நாளில் நேராக நின்று கருப்பு வெள்ளையில் எடுத்து வரிசையாக அடுக்கினவர்கள். அந்த வகுப்பிலிருந்து காண்டிடா ஹோஃபர், தாமஸ் ஸ்ட்ரூத், தாமஸ் ருஃப், ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி வந்தார்கள். ஸ்ட்ரூத் எடுத்த ஆளில்லாத தெருக்களில் ஆசிரியர் அப்படியே தெரிவார். ருஃப் அதே நேர்ப்பார்வையைத் தன் நண்பர்கள் முகத்தில் வைத்தார், பிறகு ஆளுயரத்துக்கும் மேலாகப் பெரிதாக்கினார், கலரில். முறையை ஆசிரியரிடம் வாங்கிக்கொண்டு, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதைத் தானே முடிவு பண்ணினார்.

அதனால் முத்திரை தெரிந்தால் நான் இப்போது கேட்பது: முறை ஆசிரியருடையது, சரி, விஷயம் யாருடையது? விஷயமும் ஆசிரியருடையது என்றால் ஒதுக்கிவிடலாம்.

இதையொட்டி ஒன்று. சொந்த மாணவர் போட்டியில் இருந்தால் ஆசிரியர் ஓட்டுப் போடக் கூடாது. அறையில் இருக்கலாம், கேட்டால் விளக்கம் சொல்லலாம். பெயரை மறைத்துவிட்டோம், போதும் என்கிறார்கள். ஒரு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்த வேலை யாருடையது என்று பெயர் பார்த்தா தெரிய வேண்டும்?

மார்ச் 18

இன்று பிரிண்ட் பற்றி. என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம்.

பல இடங்களில் பென்டிரைவில் வாங்கி புரொஜெக்டரில் ஓட்டுகிறார்கள். கருப்பு சாம்பலாகிவிடும். மண்டபப் பெண்ணின் ஏழாவது படம் திரையில் வந்திருந்தால் வெறும் சுவர்தான். கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் புடவையின் ஓரத்தில் ஈரம் இருப்பது தெரிந்தது. வரிசையை மாற்றிப் பார்ப்பதும் மேஜையில்தான் முடியும்.

பிரிண்ட் வைத்தாலும் டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துவிடுகிறார்கள். முகங்களில் பச்சை ஏறிவிடும். பிரிண்டைப் பார்க்கிற ஒளியின் நிறம் 5000 கெல்வின், கிட்டத்தட்டப் பகல் வெளிச்சம், என்று அச்சுத் தொழிலில் வரையறை இருக்கிறது. அந்த விளக்கு இல்லாவிட்டால் வடக்கு ஜன்னல் ஓரம் மேஜையை இழுத்துப் போட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், காசு செலவில்லை.

ஆனால் பிரிண்ட் என்று சொன்ன உடனே பணம் வந்துவிடுகிறது. ஹானமூலே என்ற விலை கூடிய பேப்பரில் போட்டு பிரேம் பண்ணி வைக்கிற மாணவரும் பக்கத்து லேபில் கல்யாண ஆல்பம் போடுகிற பேப்பரில் போட்டு வருகிற மாணவரும் ஒரே மேஜையில். பெரிய பிரிண்டுக்குக் கண் தானாகப் போகும், எனக்கும் போகிறது. அதனால்தான் டிஜிட்டலில் வாங்குகிறோம், எல்லாரும் சமம் என்கிறார்கள் நடத்துகிறவர்கள். அதில் நியாயம் இருக்கிறது.

எனக்குத் தோன்றுகிற வழி: பரிசுத் தொகையை உடைத்துவிடுங்கள். ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுப்பதில் பாதியை, கடைசிச் சுற்றுக்கு வருகிற ஆறேழு பேருக்கு முன்னாலேயே பிரிண்ட் செலவாகக் கொடுங்கள். எல்லாருக்கும் ஒரே லேப், ஒரே பேப்பர், ஒரே அளவு. வேறு அளவு வேண்டும் என்றால் மாணவர் காரணம் சொல்லட்டும். ஜெயிக்காதவருக்கும் ஒரு நல்ல பிரிண்ட் தொகுப்பு கையில் இருக்கும். வேலை தேடிப் போகும்போது அதைக் கொண்டுபோகலாம். ஓர் இடத்தில் இதைச் சொன்னேன், முதல் பரிசுத் தொகை சின்னதாகிவிட்டால் செய்தியில் வராது என்றார்கள். இன்னொரு இடத்தில் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 22

கான்செப்ட் நோட். ஒவ்வொரு தொகுப்போடும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்கிறார்கள். படித்தால் எல்லாம் ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கும். நினைவு, அடையாளம், இடம், உடல், இருப்பு. அந்தப் பக்கத்தை எழுதின மாணவரையே கூப்பிட்டு, இந்தப் படம் எங்கே எடுத்தது என்று தமிழில் கேட்டால் பத்து நிமிஷம் நிறுத்தாமல் பேசுவார். அந்தப் பேச்சில் இருப்பதில் கால்வாசிகூட அந்தக் காகிதத்தில் இருக்காது. கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் தறிக்குழிகளை எடுத்திருந்தான். நோட்டில் குழி என்ற சொல்லே இல்லை. வாயைத் திறந்ததும், குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் மழைக்காலத்தில் பாதத்தில் ஈரம் ஏறுவது, அதனால் அப்பா சாக்கு விரிப்பது, அந்தச் சாக்கைத் தான் ஏன் மேலிருந்து எடுத்தேன் என்பதெல்லாம் வந்தது.

தமிழில் எழுதலாம் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். எழுத வராதவர் பேசட்டும், பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். வெளியூரிலிருந்து தமிழ் தெரியாத நடுவர் வந்தால் பக்கத்தில் ஒருவர் சொல்லிக் கொடுக்கட்டும். ஆங்கிலம் நன்றாக வருகிற மாணவருக்கு இதனால் எந்த நஷ்டமும் இல்லை.

மார்ச் 24

"மொபைலில் எடுத்தால் ஒதுக்குவீர்களா?" மாட்டேன். எந்த மொபைல் என்றுகூடக் கேட்க மாட்டேன். பெரிதாக்கும்போது உடைந்தால் சின்னதாகப் போடட்டும். சின்ன பிரிண்டைக் குனிந்து பார்ப்பதில் ஒரு நெருக்கம் இருக்கிறது.

மார்ச் 29

"இந்தப் பரிசுகளால் யாராவது முன்னுக்கு வந்திருக்கிறார்களா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறான். பரிசு வாங்காமல் வந்தவர்கள்தான் நிறைய. மதுரை பழனிகுமார் கலைக்கல்லூரிக்காரர் இல்லை, பொறியியல் படித்தவர். மீன் விற்கிற அம்மாவின் மகன். மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளர்களையும் வருஷக்கணக்கில் எடுத்தார். தயானிதா சிங்கும், கிராமப்புற இந்தியாவை ஆவணப்படுத்துகிற பாரி இணையதளமும் சேர்ந்து தொடங்கிய ஆவணப் புகைப்பட விருது 2022இல் முதன்முதலாக அவருக்குத்தான் போனது. அவர் எடுத்தவர்களின் பெயர் அவருக்குத் தெரியும், வீடு தெரியும். நான் 8ஆம் தேதி சொன்ன கேள்விக்கு அவர் வேலையில் எங்கே பார்த்தாலும் பதில் இருக்கும்.

தம்பிக்கு இன்னொன்று. வகுப்பில் இருபது பேர் வைத்தால் பத்தொன்பது பேர் வெறுங்கையோடு போகிறார்கள். அவர்களுக்கு என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை அதிகம். வைத்த ஒவ்வொருவருக்கும் நடுவர்கள் இரண்டு மூன்று வரி எழுதித் தர வேண்டும் என்பதை இப்போது நிபந்தனையாகவே சொல்கிறேன். "நல்ல முயற்சி" என்று எழுதக் கூடாது. எந்தப் படம், எந்த இடம் என்று குறிப்பாக இருக்க வேண்டும். "நான்காவதையும் ஒன்பதாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்." "கிணற்றை எடுத்த நாளுக்கு அப்புறம் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள், அங்கிருந்து தொடருங்கள்." மாலை முழுக்க ஆகிவிடும். நடுவர்களில் ஒருவர் ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிடுவார். அவர் பங்கையும் சேர்த்து எழுதிவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கும்.

திருச்சி ஐயா, உங்கள் மகளுக்கு அப்படி எதுவும் எழுதித் தரவில்லை என்றால் பாட்டி வீட்டுப் படங்களை அனுப்பச் சொல்லுங்கள். வைத்தவற்றோடு, விட்டவையும் சேர்த்து.